அரிசி டப்பாவில் கவாத்துக் கத்திரி

கத்திரியை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்தவள் நானேதான். திருட்டுப் பயம் எல்லாம் இல்லை. அந்த மலையில் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனாலும் ஆடு மட்டும்தான் உள்ளே வரும். என் கைக்குப் பயந்து ஒளித்து வைத்தேன். கண்ணெதிரே கிடந்தால் எடுத்துக்கொண்டு போய்த் திராட்சைக் கொடியை வெட்டிவிடுவேன். டிசம்பரில் வெட்டக் கூடாது, மார்ச் வரைக்கும் தொடவே கூடாது என்பது அர்பாப் போட்ட கட்டளை. நானும் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டதுதான். தலை ஒப்புக்கொண்டதைக் கையும் ஒப்புக்கொள்ள வேண்டுமே.

அர்பாப் என்றால் முதலாளி. ஓமனில் நாங்கள் எல்லோரும் முதலாளியை அப்படித்தான் சொல்வோம். என் அர்பாப் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஜெபல் அக்தர் மலைமேல் அவருக்கு மூன்று தட்டு நிலம் இருந்தது. சரிவில் கல் அடுக்கிப் படிப்படியாகக் கட்டிய வயல்கள். கீழே சோஹாரில் வெயில் மண்டையைப் பிளக்கிற மாதத்தில்கூட இங்கே சாயங்காலம் ஸ்வெட்டர் தேட வேண்டும். அக்கம்பக்கத்தில் எல்லோரும் மாதுளையும் ரோஜாவும் வைத்திருந்தார்கள். இவர் மட்டும் மூன்று தட்டிலும் ஒரு வெள்ளைத் திராட்சையை வைத்திருந்தார்.

அது சாப்பிடுகிற திராட்சை இல்லை, ஒயினுக்கான ஜாதி. அர்பாப் இளவயதில் பயிற்சிக்காக ஒரு குளிர் நாட்டுக்குப் போயிருந்தபோது, தங்கியிருந்த வீட்டின் சுவரில் இந்தக் கொடி ஏறியிருந்ததாம். அந்த நாட்டிலேயே இப்போது அதை வளர்ப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றார். குச்சிகளை முறைப்படி வரவழைத்து, சோதனை எல்லாம் முடித்து நட்டிருந்தார். அதற்கு ஒரு பெயர் உண்டு. மூக்காலும் தொண்டையாலும் சொல்ல வேண்டிய பெயர். என் வாயில் நுழையவில்லை. நான் வெள்ளச்சி என்று கூப்பிட்டேன். கொஞ்ச நாளில் அர்பாபும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்.

“ஓமன்ல யாரு ஒயின் போடப் போறா?” என்று ஊரிலிருந்து எல்லோரும் கேட்டார்கள். யாரும் போடப் போவதில்லை. ஒயின் மாஃபி, கிடையவே கிடையாது. மலையில் இருக்கிற ஓட்டல்களின் சமையல்காரர்கள் பழுக்காத காயின் புளிப்புச் சாற்றைக் கேட்டார்கள், பழத்தின் வினிகரைக் கேட்டார்கள். அதற்குத்தான் தோட்டம். என் அம்மா மட்டும் கடைசிவரை நம்பவில்லை. “சாராயத்துக்குத் தோட்டம் போடத்தான் உன்னைய அவ்வளவு படிக்க வச்சமா?” என்று ஒவ்வொரு போனிலும் கேட்பாள்.

படித்தது தோட்டக்கலை. பிறந்தது கம்பத்துப் பக்கம், திராட்சைப் பந்தலுக்குக் கீழே. கட்டிக்கொடுத்ததும் அதே பக்கம்தான். என் வீட்டுக்காரர் வீட்டிலும் பந்தல் உண்டு. அவர் இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியராக சோஹாருக்கு வந்தார், நான் அவர் பின்னால் வந்தேன், என் படிப்பு பெட்டிக்குள் போனது. பதினெட்டு வருடம். மகளை வளர்த்தேன், ஸ்கூல் பஸ்ஸுக்கு நின்றேன், ஃபிளாட்டில் சோபாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றிப் போட்டேன். மகள் கோயம்புத்தூரில் காலேஜுக்குப் போன பிறகு நகர்த்துவதற்கு சோபா மட்டும்தான் இருந்தது. அவர் டியூட்டிக்குப் போனதும் நான் வீட்டுக்குள் நடப்பேன். ஹாலில் இருந்து சமையலறை, சமையலறையில் இருந்து பால்கனி. பால்கனியில் நின்றால் எதிர் ஃபிளாட்டின் ஏசி பெட்டிதான் தெரியும்.

இந்த வேலையை எனக்குப் பிடித்துக்கொடுத்தது அவரேதான். பிளான்டில் உடன் வேலை பார்க்கிற ஓமானி ஒருவரிடம், “என் வீட்டுக்காரி திராட்சைப் படிப்பு படிச்சவ” என்று பெருமையடித்திருக்கிறார். அந்த ஓமானியின் சித்தப்பாதான் அர்பாப். கூப்பிட்டு அனுப்பினார், நான் போய்ப் பார்த்தேன், வாரத்துக்கு ஐந்து நாள் மலையில் தங்கச் சம்மதம் என்றேன். விசா மாறியது. என் ரெசிடென்ட் கார்டில் முதன்முதலாக ஒரு தொழில் எழுதியிருந்தார்கள். அந்தக் கார்டைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் வாசலிலேயே நின்றுவிட்டேன். “போட்டோ நல்லாத்தான இருக்கு, அப்புறம் என்ன?” என்றார் அவர்.

அர்பாப் வீட்டுக்குப் பின்னால், தனி வாசல் வைத்த ஒரு அறையில் எனக்கு ஜாகை. முதல் குளிர்காலத்தில் எனக்கு எதுவும் தெரியாது. தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பங்களாதேஷ் பாய், வழக்கம்போல ஜனவரியில் கொடிகளை வெட்டினார். நானும் கூடச் சேர்ந்து சந்தோஷமாக வெட்டினேன். பிப்ரவரியில் நான்கு நாள் வெயில் அடித்தது, கொடியில் மொட்டு அடங்கிய கண் உடைந்து தளிர் வந்தது, ஐந்தாம் நாள் உறைபனி இறங்கியது. காலையில் தளிர் எல்லாம் வேகவைத்த கீரை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வருடம் பேருக்குச் சில குலைகள்தான் கிடைத்தன.

அர்பாபுக்கு ஒரு தம்பி. மஸ்கட்டில் பிசினஸ். அவர் ஏறி வந்து பார்த்தார். கொடியைப் பார்க்கவில்லை, தட்டின் விளிம்பில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தார். இங்கே கூடாரம் அடித்தால் வாரக்கடைசிக்கு துபாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் ஆட்கள் வந்து குவிவார்கள் என்றார். நிலத்தில் அவருக்கும் பங்கு உண்டு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அரபியில் நீளமாகப் பேசினார்கள். கடைசியில் அர்பாப் என்னிடம் வந்து சொன்னார்: வருகிற கோடையில் ஓட்டலுக்குக் கொடுக்கிற அளவு காய்த்தால் திராட்சை நிற்கும். இல்லாவிட்டால் கலாஸ். கொடி போகும், கூடாரம் வரும். கொடி போனால் என் வேலையும் போகும், கார்டும் போகும், நான் மறுபடி சோபா நகர்த்தப் போவேன். அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

அதனால்தான் இந்த முறை மார்ச் வரை வெட்டக் கூடாது என்று முடிவானது. வெட்டாத கொடி தாமதமாகக் கண் திறக்கும். தாமதமாகத் திறந்தால் பனிக்குத் தப்பும். கணக்கு சுலபம். இருந்து பார்ப்பதுதான் முடியவில்லை.

எங்கள் ஊர்த் திராட்சைக்குத் தூக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு காய்ப்பு முடிந்ததா, கவாத்து. கவாத்து முடிந்த சில நாளில் தளிர், அப்புறம் பூ, பிஞ்சு, பழம், மறுபடி கவாத்து. வருடம் முழுக்க பந்தலில் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும், மனுஷருக்கும் கையில் ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். வெள்ளச்சியோ நவம்பரில் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டைக் குச்சியாக நின்றாள். தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கும். நகத்தால் சுரண்டினால் மட்டும் உள்ளே ஒரு பச்சைக் கோடு. நான் தினமும் சுரண்டிப் பார்த்தேன். பாய் சிரிப்பார். “தீதி, சுரண்டிச் சுரண்டியே நீங்க கொன்னுருவீங்க” என்பார் இந்தியில்.

அர்பாபிடம் போய் நின்றால் ஒரே வார்த்தைதான் வரும்: “சபர்.” பொறுமையாம். காலையில் சபர், மத்தியானம் சபர். எனக்குக் கோபம் சட்டென்று வரும். அது என் குணம், மாற்றிக்கொள்கிற உத்தேசமும் இல்லை. ஒருநாள் அந்தக் கோபத்திலேயே அவரிடம் சொன்னேன்: எங்கள் பாஷையில் கொடி வெட்டுவதற்குக் கவாத்து என்று பெயர், போலீஸ்காரர்கள் மைதானத்தில் வரிசையாக நின்று கையைக் காலை வீசுவதற்கும் அதே பெயர்தான், ரெண்டுக்குமே நேரத்துக்கு எழுந்திருக்க வேண்டும், இப்படிக் கிடந்து தூங்கக் கூடாது. அவர் அந்த வார்த்தையை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அரபியில் கவாயித் என்றால் விதிமுறைகள் என்றார். “நான் ராணுவத்தில் கவாத்தும் செய்தேன், கவாயித்துக்கு அடங்கியும் நடந்தேன். நீ வெட்டுகிறது மட்டும் செய்கிறாய்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி அறைக்கு வந்துதான் கத்திரியை அரிசிக்குள் புதைத்தேன்.

இதையெல்லாம் தினமும் வீட்டுக்காரரிடம் போனில் சொல்வேன். ஏன் வெட்டக் கூடாது, பனி எப்படி இறங்கும், ஒரு கண்ணுக்குள் மூன்று மொட்டு எப்படி அடுக்கியிருக்கும், முதல் மொட்டு கருகினால் அடுத்தது வரும், ஆனால் அதில் குலை குறைவாக இருக்கும், அர்பாபின் தம்பி என்ன சொன்னார், டென்ட் வந்தால் நான் என்ன ஆவேன், எல்லாம். அவர் “ம்” கொட்டுவார். அந்த “ம்” எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து பழக்கம். வெங்காயம் தீர்ந்துபோச்சு என்றாலும் “ம்.” மகளுக்குக் காய்ச்சல் என்றாலும் “ம்.” அந்த “ம்”முக்குக் காதில் விழவில்லை என்று அர்த்தம். “ஏங்க, நான் பேசுறது கேக்குதா?” என்பேன். “ம்” என்பார். பின்னால் டிவி ஓடுகிற சத்தம் வரும்.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் கீழே இறங்குவது வழக்கம். டிசம்பரில் ஒரு வாரம் இறங்க முடியவில்லை. அர்பாபும் அவர் மனைவியும் நிஸ்வாவுக்குப் போனார்கள், கம்பியும் கந்தகத் தூளும் வாங்க நானும் கூடப் போக வேண்டியிருந்தது. “அப்ப நான் மேல வரேன்” என்றார் வீட்டுக்காரர். அவர் கார் மலை ஏறாது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியைத்தான் செக்போஸ்ட்டில் மேலே விடுவார்கள். வெள்ளிக்கிழமை காலையில் அவர் காரை அடிவாரத்தில் விட்டுவிட்டு, பாயின் பிக்கப்பில் ஏறி வந்தார். பாய்க்கு அன்று லீவு, இறக்கிவிட்டுத் தன் ஊர்க்காரர்களைப் பார்க்கப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் வரும்போதே காய்கறி, கருவாடு, ஒரு பாக்கெட் அப்பளம். நான் திரும்பி வருவதற்குள் சமைத்து வைக்கிறேன் என்றார்.

சோறு வைக்க அரிசி எடுக்க வேண்டும் அல்லவா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிஸ்வாவிலிருந்து திரும்பி வண்டியைவிட்டு இறங்கியதும் மேல் தட்டைப் பார்த்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. தட்டு பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, மேல் தட்டில் ஒரு கொடி பாக்கியில்லாமல் வெட்டியிருந்தது. சுத்தமான வெட்டு. கண்ணுக்கு மேல் சரியாக விட்டு, சாய்வாக, எங்கள் ஊர் வெட்டு. வெட்டிய குச்சிகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி ஓரத்தில் அடுக்கியும் வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

“பாத்தியா, ஒரு தட்டு முடிஞ்சுது. நாளைக்கு உக்காந்தா மிச்சமும் முடிஞ்சிரும்” என்றார்.

நான் கத்தினேன். அர்பாப் மனைவி வண்டியைவிட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கும்படி கத்தினேன்.

“யாரைக் கேட்டு வெட்டுனீங்க? மார்ச்சு மார்ச்சுன்னு தொண்டத் தண்ணி வத்தச் சொன்னனே, எந்தக் காதுல வாங்குனீங்க?”

“நம்ம ஊர்ல வெட்டுற நேரந்தானம்மா இது. கத்திரி அரிசில கெடந்துச்சு. மறந்துபோய்ப் போட்டுட்டன்னு நெனச்சேன்.”

“அரிசிக்குள்ள கத்திரிய எவளாவது மறந்து போடுவாளா?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அப்போதுதான் நான் அதைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று பின்னால் பல நாள் நினைத்தேன்.

“நான் வேலய விட்டுட்டுக் கீழ வந்துறணும்னுதான வெட்டுனீங்க?”

“கிறுக்கா உனக்கு? தெரியாம வெட்டிட்டேன்.”

அர்பாப் மேல் தட்டுக்கு ஏறிப் போய்க் கொடி கொடியாகப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். “வெட்டு நன்றாக இருக்கிறது” என்றார். பிறகு, கீழ் ரெண்டு தட்டையும் யாரும் தொடக் கூடாது என்றார். போகும்போது என்னைப் பார்த்து “சபர்” என்று வேறு சொன்னார்.

அன்று சோறு ஆறிக்கிடந்தது. கருவாட்டுக் குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது. மறுநாள் அவர் இறங்கிப் போன பிறகு எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு பக்கம் கொடி. இன்னொரு பக்கம், அவரைப் பார்த்து அப்படிக் கேட்டது. பந்தலுக்குக் கீழே பிறந்த மனுஷன், இத்தனை வருடம் கழித்துக் கையில் கத்திரி கிடைத்ததும் ஆசையில் வெட்டியிருப்பார், காது கேளாத ஆள், வேறென்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போனில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக வழக்கம்போலக் கொடியைப் பற்றியே பேசினேன். அவரும் வழக்கம்போல “ம்” கொட்டினார்.

ஜனவரி முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்குமாக ஏறி இறங்கினேன். வானம் தெளிந்தால் பயம், மேகம் வந்தால் வேறு பயம். போனில் வானிலையைப் பார்த்துப் பார்த்து மத்தியானத்திலேயே சார்ஜ் தீர்ந்துவிடும். பிப்ரவரியில் போன வருடம் போலவே வெயில் அடித்தது. மேல் தட்டில் கண் வீங்கியது, இளஞ்சிவப்பாகப் பஞ்சு கட்டியது, ஒருநாள் காலையில் உடைந்து பச்சை தெரிந்தது. கீழ்த் தட்டுகளில் ஒன்றும் அசையவில்லை.

சந்தோஷப்படக் கூடாது என்றுதான் போனேன். ஆனால் அந்தப் பச்சையைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒவ்வொரு தளிரிலும் மிளகு அளவுக்குப் பூங்குலை ஒட்டிக்கொண்டிருந்தது. போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். கூடவே, “இன்னும் மூணு நாள்ல பனி இருக்குன்னு காட்டுது. எல்லாம் போகப் போகுது” என்று எழுதினேன். மெசேஜைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது. பதில் வரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் செக்போஸ்ட் பக்கமிருந்து ஒரு வாடகை பிக்கப் ஏறி வந்தது. பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி மலை மாதிரிக் குவித்திருந்தது. முன் சீட்டில் என் வீட்டுக்காரர். லீவு போட்டு வந்திருந்தார். தார்ப்பாயை விலக்கினால் கம்பளிகள். ஊருக்குப் போகிற கல்ஃப் ஆள் ஒவ்வொருவரும் அமுக்கிக் கட்டி, விமானத்தில் எடை போட்டுத் தூக்கிக்கொண்டு போவார்களே, அந்தப் பூப்போட்ட தடிக் கம்பளிகள். ரோஜாப் பூ, மயில், புலி. பல கம்பளிகள் பிளாஸ்டிக் பை பிரிக்காமலே இருந்தன.

“ஏது இவ்வளவு?”

“லேபர் கேம்ப்ல நம்ம பயலுக கிட்ட வாங்கினேன். லீவுக்குப் போகும்போது கொண்டுபோக வாங்கி வச்சது. ஒரு ராத்திரிக்குத்தான்னு சொல்லியிருக்கேன். அழுக்காகாமத் திருப்பிக் குடுக்கணும்.”

“இத எப்படிங்க கொடி மேல போடுறது? கனத்துல தளிரு ஒடிஞ்சிராது?”

“குச்சியக் குறுக்க கட்டிப் போடுவோம். யல்லா, வெயில் எறங்குது.”

அவர் வெட்டிக் கட்டி வைத்த குச்சிக்கட்டுகள் ஓரத்திலேயே கிடந்தன. அதைத்தான் பிரித்துக் கம்பிக்குக் குறுக்கே கட்டினோம். அவர், நான், பாய், கொஞ்ச நேரத்தில் அர்பாபும் வந்தார். கம்பளியைப் பைக்குள்ளிருந்து எடுத்து உதறி, தளிரில் படாமல் குச்சிமேல் போட்டு, நாலு மூலையிலும் கல் வைத்தோம். அர்பாப் ஒரு புலியை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். வெயில் மலைக்குப் பின்னால் போகும்போது மேல் தட்டு முழுக்க ரோஜாவும் மயிலும் படுத்திருந்தன. கம்பளி போதாமல் கடைசி வரிசை மட்டும் திறந்து கிடந்தது. என் வீட்டுக்காரர் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அதில் ஒரு கொடிக்குப் போட்டார். “போதும், வாங்க. நீங்க வெறச்சுப் போயிருவீங்க” என்று நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன்.

காலையில் கம்பளிகளின் மேல் வெள்ளையாக உப்புத் தூவியதுபோல் பனி. வெயில் ஏறும்வரை எடுக்கக் கூடாது என்றார் அர்பாப். அந்த ஒரு சபரை மட்டும் எப்படிப் பொறுத்தேன் என்று தெரியவில்லை. எடுத்துப் பார்த்தபோது சில இடத்தில் குச்சி சரிந்து, கனத்தில் தளிர் ஒடிந்திருந்தது. திறந்து கிடந்த வரிசை முழுக்கக் கருகியிருந்தது, ஜாக்கெட் போட்ட கொடியைத் தவிர. மற்றதெல்லாம் பச்சையாக இருந்தது. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு கம்பளியாக வெயிலில் உலர்த்தி, பழைய மடிப்பிலேயே மடித்து, பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். “புலிக்காரன் திங்கக்கெழம ஃபிளைட்டு” என்றார்.

மார்ச்சில் கீழ் ரெண்டு தட்டையும் வெட்டினோம். அவை தாமதமாக, பத்திரமாக எழுந்தன. ஏப்ரலில் பக்கத்துத் தோட்டங்களில் ரோஜா பறித்தார்கள், எங்களிடத்தில் திராட்சை பூத்தது. அந்த வாசனை அவ்வளவு லேசானது, மூக்கைக் கிட்டே கொண்டுபோனால்தான் தெரியும். அப்புறமும் நிம்மதி ஒன்றும் இல்லை. காற்று, குருவி, குளவி, ஜூனில் ஒருநாள் ஆலங்கட்டி மழை வேறு. வலை கட்டினோம். காய் பருத்து, புளிப்புச் சாற்றுக்கு ஒரு பங்கு ஓட்டலுக்குப் போனது. மீதியைப் பழுக்க விட்டோம். ஆகஸ்டில் வெள்ளச்சியின் தோல் பச்சையிலிருந்து தேன் நிறத்துக்கு வந்தது. சின்னச் சின்னப் பழம், தடித்த தோல், உள்ளே கொட்டை. முதல் கடியில் புளிப்பு கண்ணை மூட வைக்கும், விழுங்கிய பிறகுதான் இனிப்பு வரும்.

அறுவடையன்று அர்பாபின் தம்பி வந்தார். கூடைகளைப் பார்த்தார், ஓட்டல்காரர் வந்து நிற்பதைப் பார்த்தார், ஒரு பழத்தை வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார். அண்ணனிடம் அரபியில் ஏதோ சொன்னார். அர்பாப் என் பக்கம் திரும்பி, “திராட்சை நிற்கிறது. டென்ட்டை வேறு இடத்தில் போட்டுக்கொள்வானாம்” என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கூடையை ஓட்டல்காரர் பக்கம் நகர்த்தினேன். என் வீட்டுக்காரர் கூடையைத் தூக்கிக்கொண்டு போனவர் அதைக் கேட்டு நின்றார், பிறகு போனார்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு நாங்கள் இருவரும் மேல் தட்டின் சுவரில் உட்கார்ந்திருந்தோம். ஜாக்கெட் போட்ட கொடி பக்கத்தில் இருந்தது. அதில் மூன்று குலை. அவர் ஒன்றைப் பறித்து எனக்குப் பாதி கொடுத்தார். கொஞ்ச நேரம் கொட்டையைத் துப்பிக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கு நான் தெரியாம வெட்டல” என்றார்.

நான் அவரைப் பார்த்தேன்.

“தெரிஞ்சுதான் வெட்டினேன். வெட்டினா சீக்கிரம் கண்ணு தெறக்கும். பிப்ரவரி வெயில்ல தளிரு வரும், பின்னாலயே பனி வந்து கருக்கிரும். மொத மொட்டு போனா ரெண்டாவது வரும், அதுல கொல பாதி கூட வராது. தம்பிக்காரன் டென்ட்டு போட்டுருவான். உன் கார்டு போயிரும். நீ கீழ வந்துருவ.” பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோல வரிசையாகச் சொன்னார். “கத்திரி எதுக்கு அரிசில கெடக்குன்னும் தெரியும். நீதான போன்ல சொன்ன.”

கையில் இருந்த பழத்தை அவர்மேல் எறியலாமா என்று நினைத்தேன். பதினெட்டு வருடம் சோபா நகர்த்தியவளை மறுபடி அந்த ஹாலுக்குள் கொண்டுபோய்ப் போட நினைத்திருக்கிறார். அதே நேரத்தில் இன்னொன்றும் தெரிந்தது. நான் சொன்னதில் ஒரு வார்த்தை விடாமல் இந்த மனுஷன் கேட்டிருக்கிறார். கண்ணுக்குள் மூன்று மொட்டு என்பதுவரை. இத்தனை வருடமும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“அப்புறம் ஏன் கம்பளி கொண்டுவந்தீங்க?”

“நீ போட்டோ அனுப்புனல்ல. மொளகு மாதிரிப் பூ ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.” அவர் குலையின் காம்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். “வீட்ல தனியா இருக்க முடியலம்மா. டிவியப் போட்டுட்டு நீ பேசுறதத்தான் கேட்டுக்கிட்டு இருப்பேன். நீ வச்சப்புறம் ஹாலுக்கும் பால்கனிக்கும் நடப்பேன்.”

கீழே ஓட்டல்காரரின் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. பாய் யாரையோ ஜல்தி ஜல்தி என்று விரட்டிக்கொண்டிருந்தார்.

“நான் கீழ வர மாட்டேன்” என்றேன்.

“தெரியும். நான் வாரா வாரம் மேல வரேன். காரை மாத்திரலாம்னு இருக்கேன்.” கொஞ்சம் பொறுத்து, “ஏதாவது சொல்லு. திட்டவாவது செய்” என்றார்.

திட்டுவதற்கு வாய் நிறைய இருந்தது. வாயில் பழமும் இருந்தது. புளிப்பு இன்னும் போகவில்லை.

“ம்” என்றேன்.